அவசர அனுமதியா, களைக்கொட்டா? டெக்சஸ் பருத்திக் காட்டின் கணக்கு

2014 கோடையில் டெக்சஸ் மாநில வேளாண் துறை, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. புரோபசின் என்று ஒரு களைக்கொல்லி. சோளத்துக்குப் பதிவான மருந்து. பருத்திக்குப் பதிவு இல்லை. இந்த ஒரு பருவம் மட்டும் பருத்தியிலும் அடித்துக்கொள்ள விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. கேட்ட பரப்பு 30 லட்சம் ஏக்கர் வரை. தமிழ்நாட்டில் பருத்தி போடும் நிலம் மொத்தத்தையும் சேர்த்தாலும் அதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

ஜூலையில் பதில் வந்தது: முடியாது.

பருத்தி விவசாயிகள் கொதித்தார்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் கொண்டாடின. இரண்டு தரப்பும் பேசாமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அந்த அனுமதி கிடைத்திருந்தால்தான் என்ன? அப்போது அந்த விவசாயிகளின் முன்னால் வேறு என்ன வழிகள் இருந்தன, அவற்றோடு வைத்துப் பார்த்தால் அவசர அனுமதி என்ன தேறும்? அமெரிக்காவில் நடந்ததுதான். ஆனாலும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, எந்தப் பயிருக்கு என்று பார்க்காமல் அடிக்கும் வழக்கம் உள்ள நமக்கும் இந்தக் கணக்கு அந்நியமில்லை.

முதலில் களையைச் சொல்லிவிடுகிறேன். பாமர் அமரந்த். நம் முள்ளுக்கீரைக்கும் தண்டுக்கீரைக்கும் பங்காளி. அமெரிக்கத் தென்மேற்கிலும் வட மெக்சிகோவிலும் பாலை நிலத்தில் பிறந்தது; வெயில் ஏற ஏறத்தான் இதற்குக் குஷி. நல்ல நாளில் இரண்டு மூன்று அங்குலம் வளரும். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. போட்டியில்லாத இடத்தில் நிற்கும் ஒரு பெண் செடி ஐந்து லட்சம் விதை வரை கொட்டும். டெக்சஸ்காரர்கள் இதைக் ‘கேர்லெஸ் வீட்’ என்பார்கள். அசட்டைக் களை என்று வைத்துக்கொள்ளலாம்.

1997-இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விதை சந்தைக்கு வந்தது. பயிர் மேலேயே மருந்தை அடித்தால் களை சாகும், பருத்தி நிற்கும். அதுவரை மூன்று நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, இடையில் உழுது, கடைசியில் ஆள் இறக்கிக் களை வெட்டியவர்களுக்கு இது சொர்க்கம். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மருந்தில் நின்றார்கள். 2005-இல் ஜார்ஜியாவில் கிளைபோசேட்டுக்கு மசியாத பாமர் அமரந்த் உறுதியானது. ஆண் செடியின் மகரந்தம் காற்றில் போவதால் அந்தக் குணமும் காற்றிலேயே போனது. சில ஆண்டுகளில் டெக்சஸின் லப்பக் நகரைச் சுற்றிய மேட்டுநிலப் பருத்திக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலேயே ஒரே தொடராகப் பருத்தி விளையும் மிகப் பெரிய பகுதி அதுதான்.

2011-இல் தொடங்கிய கொடும் வறட்சியில் களையும் அடங்கிக் கிடந்தது, பயிரும் படுத்தது. 2014-இல் மழை பெய்தது. பருத்தி எழுந்தது, கூடவே அதுவும். அந்தக் கோடையில்தான் விண்ணப்பம்.

கதவு எப்படித் திறக்கும்

அமெரிக்கப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுதான் அந்த அவசரக் கதவு. பதிவில்லாத மருந்தையோ, வேறு பயிருக்கு மட்டும் பதிவான மருந்தையோ, குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்த இது இடம் கொடுக்கிறது. கேட்க வேண்டியது தனி விவசாயி அல்ல, மாநிலத் துறையோ கூட்டாட்சித் துறையோதான். பயிருக்கான சாதாரண அனுமதி அதிகபட்சம் ஓர் ஆண்டு. புதிய நோய், பூச்சி உள்ளே நுழைவதைத் தடுக்கும் தனிமைப்படுத்தல் அனுமதி மூன்று ஆண்டு வரை. தலைபோகிற நிலைமை என்றால் மாநிலமே அறிவித்து 15 நாள் பயன்படுத்தலாம்; அதற்குள் முறையான விண்ணப்பமும் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை நீளும். விண்ணப்பத்துக்கு 50 நாளுக்குள் பதில் சொல்வது முகமை தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு.

என்ன நிரூபிக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நிலைமை அவசரமாகவும், வழக்கத்துக்கு மாறானதாகவும் இருக்க வேண்டும். பதிவான மருந்துகளால் முடியவில்லை, மருந்தில்லாத வழிகளும் கட்டுப்படியாகவில்லை என்று காட்ட வேண்டும். நஷ்டம் கணிசமாக இருக்க வேண்டும். விளைச்சலில் குறைந்தது 20 விழுக்காடு போவது முதல் படி, அதைக் காட்ட முடியாவிட்டால் மொத்த வருமானத்தில் 20 விழுக்காடு, அதுவும் இல்லையென்றால் நிகர வருமானத்தில் 50 விழுக்காடு என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஒரே கோரிக்கை மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தும் மருந்தின் முழுப் பதிவுக்கு ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்றால், முன்னேற்றம் இல்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். தற்காலிகக் கொட்டகையை நிரந்தர வீடாக்கிக் குடியிருக்கும் ஆசையை இந்த விதி நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறது.

‘வழக்கத்துக்கு மாறான’ என்ற இரண்டு சொல்லில்தான் டெக்சஸ் வழக்கின் முடிச்சு. திடீரென்று வந்த வெட்டுக்கிளிக் கூட்டம் வழக்கத்துக்கு மாறானது. ஒன்பது ஆண்டுக்கு முன் ஜார்ஜியாவில் தலைகாட்டி, மாவட்டம் மாவட்டமாக நடந்து வந்த களை அப்படியா? எதிர்த்தவர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முகமை கோரிக்கையைத் தள்ளியது இதற்காக அல்ல, தண்ணீருக்காக.

புரோபசின், அட்ரசின், சிமசின் மூன்றும் டிரையசின் என்ற ஒரே குடும்பம். மூன்றும் உடலில் ஒரே விதமாக வேலை செய்பவை என்பதால் மூன்றையும் சேர்த்துக் கூட்டித்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும். பருத்திக் கொட்டை எண்ணெயாகவும் மாட்டுத் தீவனமாகவும் போகிறது. ஆகவே அவசர அனுமதி என்றாலும் உணவில் எவ்வளவு எச்சம் இருக்கலாம் என்ற வரம்பை விதித்தாக வேண்டும். 1996-இல் வந்த உணவுத் தரச் சட்டப்படி, சாப்பாட்டில் வருவதோடு குடிநீரில் வருவதையும் சேர்த்து, தீங்கு இல்லை என்று நியாயமான உறுதி சொல்ல வேண்டும். குடிநீர்க் கணக்கு வரம்பைத் தாண்டியது. அவ்வளவுதான்.

அந்த நிலத்தைத் தெரிந்தவர்களுக்கு இது வெறும் காகிதக் கணக்காகத் தெரியாது. லப்பக் பக்கம் ஆறு குறைவு. மழைநீர் ‘பிளாயா’ என்ற ஆழமில்லாத பள்ளங்களில் போய்த் தேங்கும். அப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. அந்தப் பள்ளங்களின் அடி வழியாகத்தான் ஓகல்லாலா நிலத்தடி நீருக்குப் புது நீர் இறங்குகிறது. ஊர்க்குளத்தில் கொட்டியது ஊர்க்கிணற்றில் வரும் என்று நம்மூரில் பாட்டியே சொல்லிவிடுவாள்.

அவசர அனுமதிக்கு ஆதரவாக என்ன சொல்லலாம்? வேகம் ஒன்று. பதிவாகி வேறு பயிரில் பழகிய மருந்து என்பதால், என்ன செய்யும் என்று தெரியும் என்பது இன்னொன்று. டிரையசின் குடும்பம் கிளைபோசேட்டிலிருந்து முற்றிலும் வேறு வழியில், இலையின் ஒளிச்சேர்க்கையைத் தடுத்து வேலை செய்கிறது. கிளைபோசேட்டுக்குத் தப்பிய களை இதற்குத் தப்பும் என்று கட்டாயமில்லை. குறை என்ன? மணல் கலந்த, மக்கு குறைந்த அந்த மண்ணில் டிரையசின் பயிரையும் சுட வாய்ப்புண்டு. மண்ணில் தங்கும், அடுத்து கோதுமை போட நினைப்பவன் யோசிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இது பெரும்பாலும் களை முளைக்கும் முன் மண்ணில் இருக்க வேண்டிய மருந்து. ஜூலையில் ‘சரி’ என்று வந்திருந்தாலும் அந்த ஆண்டின் முதல் களைக் கூட்டம் இடுப்பளவுக்கு நின்றிருக்கும். வேகமான வழி என்று நினைத்தது, நாள்காட்டியில் வைத்துப் பார்த்தால் பிந்திய வழி.

இடையில் ஒன்று. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவில் ‘உள்ளூர்த் தனித்தேவை’ என்று இன்னொரு வாசல் உண்டு. மாநிலமே கூடுதல் பயன்பாட்டைப் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பயிருக்கு எச்ச வரம்பு ஏற்கெனவே இருந்தால்தான். பருத்தியில் புரோபசினுக்கு அது இல்லை. அந்த வாசல் அப்போதே பூட்டு.

கையில் இருப்பதை அடுக்கிப் போடுதல்

இரண்டாவது வழி கவர்ச்சியற்றது. ஏற்கெனவே பருத்திக்குப் பதிவான மருந்துகளைக் காலம் பார்த்து, ஒன்றின் வீரியம் தீருமுன் அடுத்ததை மண்ணில் போட்டு, அடுக்காகப் பிடிப்பது. விதைப்புக்கு முன் டிரைஃப்ளூரலின் அல்லது பெண்டிமெத்தலின். மஞ்சள் நிறமாக இருப்பதால் அங்கே ‘மஞ்சள் மருந்து’ என்றே பேர். மண்ணில் கலந்து உழ வேண்டும். விதைத்தவுடன் புரோமெட்ரின் அல்லது டையூரான். பயிர் மூன்று நான்கு இலை விட்டதும் மேலாக மெட்டோலகுளோர் அல்லது அசெட்டோகுளோர். முளைத்து நிற்கும் களையை இவை கொல்லாது, இனி முளைக்க வருவதைத்தான் அமுக்கும். தப்பியதை, அதற்கேற்ற விதை போட்டிருந்தால், குளுஃபோசினேட்டால் சிறு செடியாக இருக்கும்போதே எரிக்கலாம். மூன்று அங்குலத்துக்கு மேல் போனால் அதுவும் நம்பிக்கையில்லை.

இதில் ஒரு வேடிக்கை. புரோமெட்ரினும் டிரையசின்தான். ஆனால் குளோரின் ஒட்டிய அந்த மூவர் கூட்டணியில் சேராதது. பருத்திக்குப் பல காலமாகப் பதிவில் உள்ளது. குடிநீர்க் கணக்கில் மாட்டாத சொந்தக்காரன் வீட்டிலேயே இருக்க, மாட்டுகிறவனுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் கொஞ்சம் அநியாயமாக இருக்கும். இரண்டும் ஒன்றுபோல் வேலை செய்யாது, விவசாயிக்கு அது தெரியும். ஆனால் முழுதாக அநியாயமும் இல்லை.

இந்த வழியின் பலவீனம் மழை. முளைக்கும் முன் போடும் மருந்துகளில் பலவற்றுக்கு, போட்ட சில நாளில் அரை அங்குலமாவது நீர் வேண்டும். இல்லையென்றால் மேல்மண்ணிலேயே உட்கார்ந்திருக்கும், களை அதன் அடியிலிருந்து முளைத்து வந்துவிடும். சுழல்தெளிப்பு நீர்ப்பாசனம் உள்ளவன் ஒரு சுற்று ஓட்டிவிடலாம். மானாவாரிக்காரன் வானத்தைப் பார்க்க வேண்டும். 2011 முதல் மூன்று ஆண்டு பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர்கள்தான் 2014-இல் அனுமதி கேட்டு நின்றார்கள் என்பதை மறந்துவிட்டு, அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

செலவு? கிளைபோசேட் மட்டும் அடித்த காலத்தோடு ஒப்பிட்டால் அதிகம்தான். ஆனால் அந்தக் காலம் திரும்பாது. இறந்தவனின் சம்பளத்தோடு இருப்பவனின் சம்பளத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அடுத்த விதைக்குக் காத்திருத்தல்

2014-இல் பலரும் ரகசியமாக நம்பியது இதைத்தான். டைகாம்பா என்ற களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி வருகிறது, 2,4-டி என்ற இன்னொன்றைத் தாங்கும் பருத்தி வருகிறது. ஒன்றிரண்டு ஆண்டு எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும். அவசர அனுமதி என்பதே அதுவரைக்கான பாலம் என்ற பார்வையும் இருந்தது.

நடந்தது வேறு. டைகாம்பா தாங்கும் பருத்திக்கு 2015 ஜனவரியில் வேளாண் அமைச்சகத்தின் தடை நீங்கியது, விதை விற்பனைக்கு வந்தது. பயிர் மேலே அடிக்கும் மருந்துக்கான அனுமதி 2016 நவம்பரில்தான் வந்தது. விதை கையில் இருக்கிறது, மருந்துக்கு அனுமதி இல்லை. இடைப்பட்ட பருவங்களில் பழைய டைகாம்பாவைச் சட்டத்துக்குப் புறம்பாக அடித்தவர்கள் உண்டு. பக்கத்துக் காட்டுச் சோயா இலைகள் கிண்ணம்போல் சுருண்டன. அனுமதி வந்த பிறகு, 2017-இல், சோயாவில் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கரில் காற்றோடு பரவிய சேதம் என்று மிசூரிப் பல்கலைக்கழகத்தில் கணக்கெடுத்தார்கள். 2020-இல் ஒரு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது, மறுபடி கொடுத்தார்கள், 2024-இல் இன்னொரு நீதிமன்றம் ரத்து செய்தது. இதற்கிடையில் கான்சஸிலும் டென்னசியிலும் டைகாம்பாவுக்கே மசியாத பாமர் அமரந்த் தென்பட்டுவிட்டது.

இதை ஒரு வழி என்று வைத்துக்கொண்டால், எல்லாவற்றிலும் நிச்சயமற்றது இதுதான். முழுப் பதிவு பெற்ற மருந்து என்பதாலேயே அவசர அனுமதி மருந்தைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதற்கும் இதுவே சாட்சி. நீதி கேட்டால், டைகாம்பாவில் நடந்தது பக்கத்துக்காரன் தலையில் விழுந்த செலவு. புரோபசினில் நடந்திருக்கக்கூடியது கிணற்றில் விழும் செலவு. முந்தையது கண்ணுக்குத் தெரியும், சண்டை வரும். பிந்தையது தெரியாது, சண்டையும் வராது. அதனால் பின்னதற்குத்தான் காவல் அதிகம் தேவை.

களைக்கொட்டும் கலப்பையும்

ஜார்ஜியாவில் 2006 முதல் 2010 வரை பருத்தி விவசாயிகளில் 92 விழுக்காட்டினர் ஆள் வைத்துக் களை எடுத்தார்கள். பருத்திப் பரப்பில் பாதிக்கு மேல் கைக்களை விழுந்தது. செலவு ஏக்கருக்கு ஏறக்குறைய 23 டாலர். வானளாவிய டிராக்டர் வைத்திருக்கும் நாட்டில், களைக்கொட்டோடு ஆட்கள் வரிசையில் நடந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜூலை வெயிலில் பருத்திப் பாருக்குள் குனிந்து நிற்பது எங்கேயும் ஒன்றுதான்.

கைக்களை மட்டும் ஒரு முழு வழி ஆகாது. 30 லட்சம் ஏக்கரில் இறக்க ஆள் எங்கே? ஆனால் மருந்து தொண்ணூறைக் கொன்ற பிறகு மிஞ்சும் பத்தைக் கொல்வதில் களைக்கொட்டுக்கு இணையான கருவி கிடையாது. மிஞ்சியதுதான் வலுவானது, அந்த மருந்துக்குத் தப்பும் குணம் உள்ளதும் அதில்தான் இருக்கும். அதை விதைக்க விட்டால் அடுத்த ஆண்டுக் களை முழுக்க அதன் பிள்ளைகள். ஆர்க்கன்சாஸில் இதை ஊர் முழுக்க ஒரு திட்டமாகவே எடுத்துப் பார்த்தார்கள்: ஒரு செடிகூட விதை வைக்கக் கூடாது, சாலையோரம் உட்பட. பாமர் அமரந்த் விதை மண்ணில் சில ஆண்டுகளுக்கு மேல் பெரிதாக உயிர் பிடித்திருக்காது என்பது இந்த வழிக்குக் கிடைத்த பெரிய சலுகை. நம்மூர்க் கோரைக் கிழங்குக்கு இப்படி ஒரு நல்ல குணம் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

ஆழ உழுது விதையைப் புதைப்பதும் வேலை செய்யும். ஆனால் லப்பக் பக்கம் அதைச் சொல்ல வாய் கூச வேண்டும். 1930-களில் உழுத மண் காற்றில் எழுந்து வானத்தைக் கறுக்கடித்த சமவெளி அது. அங்கே கோதுமைக்கு உறவான ‘ரை’யைக் குளிர்காலத்தில் போட்டு, அதன் தாளை மண்மேல் போர்வையாக விட்டு, அதற்குள் பருத்தி விதைப்பது மேல், சிறு விதையான அமரந்துக்கு வெளிச்சம் கிடைக்காது. நீர் குறைந்த ஆண்டில் ரை குடிக்கும் நீர் பருத்திக்குக் குறையும் என்பது மானாவாரிக்காரனின் கவலை, நியாயமான கவலை.

கதவே இல்லாத ஊர்

இதுவரை படித்தவர்களுக்கு நான் அவசர அனுமதிக்கு எதிரி என்று தோன்றலாம். இல்லை. அதைச் சொல்லத்தான் இலங்கை மலையகத்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

வட மத்திய மாகாண நெல் விவசாயிகளைத் தாக்கிய சிறுநீரக நோயைச் சுற்றிய அச்சத்தில், 2015 ஜூனில் இலங்கை கிளைபோசேட் இறக்குமதியை நாடு முழுக்கத் தடை செய்தது. நோயின் காரணம் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதத்தில் உள்ளது. தடை மட்டும் ஒரே நாளில் எல்லாப் பயிருக்கும். தேயிலைக்கு மாற்று என்ன என்று ஒரு வரி இல்லை, தற்காலிக விலக்குக் கேட்க ஒழுங்கான வாசலும் இல்லை. தோட்டங்களில் புல் முழங்காலுக்கு ஏறியது. பாம்புக்கும் குளவிக்கும் பயந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையில் இறங்கத் தயங்கினார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான், விழும் என்பதால் இறங்காமலும் முடியவில்லை. கம்பெனிகள் கைக்கு எட்டிய வேறு களைக்கொல்லிகளுக்கு மாறின. அவற்றில் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானின் சோதனையில் சிக்கியது. அங்கே அந்த மருந்துக்குத் தேயிலையில் தனி வரம்பு இல்லாததால் பொது வரம்பான பத்து லட்சத்தில் 0.01 பங்குதான் அளவு. ஏற்றுமதிக்கே இடி.

2018 ஜூலையில் தேயிலைக்கும் ரப்பருக்கும் மட்டும் 36 மாதத்துக்குத் தடையைத் தளர்த்தினார்கள். அதாவது மூன்று ஆண்டு தாமதமாக வந்த அவசர அனுமதி. பிறகு 2021-இல் எல்லா விவசாய ரசாயனத்துக்கும் தடை, அந்த நவம்பரில் கிளைபோசேட்டுக்கு விலக்கு என்று அரசிதழ், சில நாளில் அதுவும் வாபஸ், 2022 ஆகஸ்டில் தடையே நீக்கம். இப்படி முன்னும் பின்னும் இழுத்ததில் யாருக்கும் எதையும் திட்டமிட முடியவில்லை.

டெக்சஸில் கதவு இருந்தது, தட்டினார்கள், காரணம் சொல்லி மூடினார்கள். மலையகத்தில் கதவு இல்லை. எனவே சன்னல் வழியாக வேறு மருந்து வந்தது. எது மோசம் என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான். நம் பக்கமும் இதற்கு வெகு தூரமில்லை. இந்தியாவில் கிளைபோசேட் பதிவாகியிருப்பது தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும். 2022 அக்டோபரில் அதையும் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாகத்தான் அடிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. ஆனால் அனுமதியில்லாத களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் கைமாறுவதும், அதன் மேல் கிளைபோசேட் விழுவதும் ஊரறிந்தது.

கதவு தேவைப்படும் இடத்துக்கு நல்ல உதாரணம் ஒன்று: அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கிரான்பெரி என்ற சிறு புளிப்புப் பழத் தோட்டங்கள். அங்கே தொல்லை அம்மையார் கூந்தல். வேரில்லாமல் மஞ்சள் நூலாகப் பயிரைச் சுற்றி உறிஞ்சும். கிரான்பெரி போடும் நிலம் கொஞ்சம். அதற்காகக் கோடிகள் செலவழித்து ஆய்வு செய்து ஒரு மருந்தைப் பதிவு செய்ய எந்தக் கம்பெனிக்கும் மனம் வராது. நெல்லுக்குப் பதிவான குயின்க்ளோராக்கை அங்கே அவசர அனுமதியில் பயன்படுத்தினார்கள். பரப்பு சிறியது, களை ஒன்று, மாற்று இல்லை, பதிவுக்கான ஆய்வும் கூடவே நடந்தது. இப்படிப்பட்ட சிறு பயிர்களின் ஆய்வுக்கென்றே 1963 முதல் அரசுப் பணத்தில் ஒரு திட்டம் அங்கே இயங்குகிறது. 30 லட்சம் ஏக்கர் பருத்தியையும் இதையும் ஒரே படிவத்தில் கேட்க முடிகிறது என்பது விசித்திரம்.

யாருக்கு எது

முடிவெடுப்பவர் மாநிலத் துறை என்றால், 2014-இல் நான் அந்த விண்ணப்பத்தை அப்படியே அனுப்பியிருக்க மாட்டேன். முந்தைய பருவம் முடிந்த குளிர்காலத்திலேயே, களை உறுதியான மாவட்டங்களுக்கு மட்டும், பிளாயாப் பள்ளங்களிலிருந்து தூரம் விட்டு, 30 லட்சத்தில் சிறு பங்கு ஏக்கருக்குக் கேட்டிருப்பேன். அதுவும் மறுக்கப்பட்டிருக்கலாம். ஆனால் குடிநீர்க் கணக்கில் கூட்டும் எண் சிறியதாக இருந்திருக்கும். மறுத்தாலும் மாற்று வழிக்கு விவசாயிகளைத் தயார் செய்ய மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

முகமையின் நாற்காலியில் இருந்தால், வந்த மனுவுக்கு அதே பதில்தான். ஒரு குறை மட்டும்: மறுப்போடு நின்றிருக்கக் கூடாது. பதிவில் உள்ள எந்தெந்த மருந்தை எந்த வரிசையில் போடலாம் என்று சொல்வது அதன் வேலை இல்லை என்பார்கள். பல்கலைக்கழக விரிவாக்க ஆட்கள் சொன்னார்கள் என்பதும் உண்மை. ஆனால் கதவை மூடுகிறவனே அடுத்த வழியையும் சொன்னால், தட்டி நின்றவன் சந்தேகப்படாமல் போவான்.

சுழல்தெளிப்பு வசதி உள்ள விவசாயிக்கு இரண்டாவது வழி யோசிக்காமல் எடுக்க வேண்டியது. நீர் கையில் இருக்கும்போது மருந்து மண்ணில் இறங்கும். அவசர அனுமதி அவனுக்குத் தேவையே இல்லை. புதிய விதை வந்தாலும் மண்ணில் போடும் அடுக்கைக் கைவிடக் கூடாது.

மானாவாரிக்காரனுக்குத்தான் எந்த வழியும் முழுதாகப் பொருந்தாது. லப்பக் பக்கம் அவன் இடத்தில் நான் இருந்தால், ஏப்ரலில் மஞ்சள் மருந்தை மண்ணில் கலந்து உழுதுவிடுவேன். மண்ணுக்குள் போவதால் மழைக்கு மற்றவை அளவு ஏங்காது. விதைத்ததும் புரோமெட்ரின். மழை விழுந்தால் அதன் மேல் மெட்டோலகுளோர், விழாவிட்டால் அந்தக் காசை மிச்சம் பிடித்து வரிசைக்கு நடுவே கலப்பை ஓட்டம். மிச்சம் பிடித்த காசு ஜூலைக்கு. அப்போது ஆட்களை இறக்கி, பெண் செடியில் விதை கறுக்கும் முன் வேரோடு பிடுங்கி, காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். பிடுங்கிய இடத்திலேயே போட்டுவிட்டு வந்தால், இரவு ஒரு தூறல் விழுந்ததும் படுத்தபடியே மறுபடி வேர் பிடிக்கிற களை இது.